வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து பார்ப்பது எப்படி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் புதிதாக வருபவர்களுக்கு

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்கு விருந்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது பறம்பிக்குளம் காட்டைத்தான். யானை தென்படுமா, வண்டிக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரிப்பார்கள். காட்டுக்குப் போவதில் தப்பில்லை. ஆனால் முழங்கால் தேய்ந்த பெரியவர்களும், கைக்குழந்தை வைத்திருப்பவர்களும், சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் அங்கே வண்டியை விட்டு இறங்க முடியாமல் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் ஊர்களைச் சுற்றி ஓடும் வாய்க்கால்களின் மேட்டுப் பாதை சமதளமாக இருக்கும், மூச்சு வாங்காது, நுழைவுச்சீட்டு கிடையாது. அங்கே வாழும் உயிர்களைப் பார்க்க வேகமாக நடக்கத் தேவையில்லை. சொல்லப்போனால் நடக்காதவர்களுக்குத்தான் அவை பக்கத்தில் வருகின்றன.

இது என் அம்முச்சியிடம், அதாவது அம்மாவின் அம்மாவிடம், நான் கற்றது. அவருக்கு 79 வயது, நான்கு வருடமாகச் சக்கர நாற்காலி. வாரத்தில் இரண்டு காலை அவரை வாய்க்கால் மேட்டுக்குக் கூட்டிப் போகிறேன். முதல் மாதம் முழுக்க நான் தள்ளிக்கொண்டே போனேன், மயில் தவிர ஒன்றும் உருப்படியாகப் பார்க்கவில்லை. ஒருநாள் அவரே, "கொஞ்சம் நிறுத்து கண்ணு, தலை சுத்துது" என்றார். மதகுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு இருவரும் பேசாமல் இருந்தோம். பத்து நிமிடத்தில் ஒரு கீரி தன் இரண்டு குட்டிகளோடு எங்களுக்கு முன்னாலேயே பாதையைக் கடந்து போனது. குட்டி ஒன்று நின்று நாற்காலிச் சக்கரத்தை மோந்து பார்த்தது. அன்றிலிருந்து எங்கள் முறை மாறிவிட்டது.

இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. அந்தக் கணவாயின் கிழக்கு வாசலில் இருப்பவை சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி ஊர்கள். கேரளம்தான், ஆனால் வீட்டிலும் சந்தையிலும் தமிழ்தான் அதிகம் கேட்கும். மழை குறைவு. தென்னையும் பனையும் கரிசல் மண்ணும் சேர்ந்து பார்ப்பதற்குப் பொள்ளாச்சியின் தொடர்ச்சி போலவே இருக்கும். கேரளத்தில் கரிசல் மண் உள்ள இடங்கள் மிகக் குறைவு, அவற்றில் எங்கள் பகுதி ஒன்று.

தண்ணீர் வருவது ஆழியாற்றிலிருந்து. பறம்பிக்குளம் ஆழியாறு திட்டத்துக்காக இரு மாநிலங்களும் 1970-ல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வரவேண்டும். அது வாய்க்கால்களில் பிரிந்து வயலுக்குப் போகிறது. ஆகவே வாய்க்கால் மேட்டில் நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல்வயல், அதற்கப்பால் காய்ந்த மேட்டுநிலம், நடுநடுவே பனை. நாலு விதமான இடத்தில் வாழும் உயிர்களை ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி பார்க்க முடிவது இதனால்தான்.

எந்த மேடு, எந்த நேரம்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகவும், கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாகவும் கொழிஞ்சாம்பாறைக்கு பஸ் உண்டு. சக்கர நாற்காலியோடு வருபவர்களுக்கு ஆட்டோவோ சொந்த வண்டியோ நல்லது. வாய்க்கால் மேடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. சில துண்டுகளில் தார் போட்டிருப்பார்கள், சில துண்டுகளில் கான்கிரீட், மற்றவை செம்மண் பரப்பிய மண்பாதை. முந்தின நாளே ஒருவர் போய் மூன்று விஷயம் பார்த்துவிட்டு வாருங்கள். பாதை இரண்டு மீட்டராவது அகலம் இருக்கிறதா, நாற்காலி திரும்ப இடம் இருக்கிறதா, நிழலுக்கு ஒரு புங்கமோ புளியோ இருக்கிறதா. அரை கிலோமீட்டர் துண்டு போதும். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

வாய்க்கால் ஓரத்துக்குத் தடுப்புச் சுவர் கிடையாது. நாற்காலியை எப்போதும் வயல் பக்கமாகவே தள்ளுங்கள், நிறுத்தினால் இரண்டு பக்க பிரேக்கும் போடுங்கள். தண்ணீர் திறந்துவிட்ட நாளில் ஓட்டம் கண்ணுக்குத் தெரிவதைவிட வேகமாக இருக்கும். குழந்தைகளின் கையை விடவே கூடாது.

கரிசலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஐப்பசி மழை பெய்த மறுநாள் நான் அம்முச்சியை மண்பாதையில் கூட்டிப் போனேன். இருபது அடி போவதற்குள் சக்கரம் முழுக்க மண் அப்பி, இட்லிமாவில் கரண்டி நிற்பது போல நாற்காலி நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கள் இறக்கிக்கொண்டிருந்த ஒரு அண்ணன் பார்த்துவிட்டு, இரண்டு பனைமட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்துத் தள்ளி வெளியே எடுத்தார். மழை பெய்தால் இரண்டு வெயில் காயும்வரை தார் துண்டில் மட்டும் போங்கள்.

நேரம் என்று கேட்டால் வெள்ளென ஆறேகாலுக்கு அங்கே இருக்க வேண்டும், எட்டரைக்குத் திரும்பிவிட வேண்டும். மாசி பங்குனியில் எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேலும் நல்ல நேரம்தான், ஆனால் இருட்டும் முன் கிளம்பிவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

எதை எடுத்துப் போவது

தண்ணீர், தொப்பி, ஒரு பழைய துண்டு. பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8x42 என்று கேளுங்கள், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது அது. பத்து மடங்கு காட்டுவதை வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். வயதானவர்களுக்கு ஒரு வழி: இரண்டு முழங்கையையும் நாற்காலிக் கைப்பிடியில் ஊன்றிக்கொண்டு பார்த்தால் பிம்பம் ஆடாது. நின்றுகொண்டு பார்க்கும் என்னைவிட அம்முச்சிக்குத் தெளிவாகத் தெரிவது இதனால்தான். பளிச்சென்ற வெள்ளை, சிவப்புத் துணி வேண்டாம்.

போனில் மெர்லின் என்ற செயலியை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். பறவைச் சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்லும், சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும். அதில் உள்ள ஒலியைப் பறவைக்குப் போட்டுக் காட்டி அழைக்காதீர்கள். கூடு கட்டும் காலத்தில் ஒரு எதிரி வந்துவிட்டதாக நினைத்து அது இரை தேடுவதையே விட்டுவிடும்.

முதல் பத்து நிமிடம்

போனதும் எதையும் தேடாதீர்கள். நாற்காலியை நிழலில் நிறுத்திவிட்டு, பேச்சை நிறுத்தி, காதை மட்டும் கொடுங்கள். முதலில் மேட்டுநிலத்தில் கவுதாரி கத்துவது கேட்கும், ஒன்று ஆரம்பித்தால் நாலு திசையிலும் பதில் வரும். தென்னந்தோப்புக்குள்ளிருந்து அடித்தொண்டையில் "கூம், கூம், கூம்" என்று வந்தால் செம்போத்து. புதருக்குள் "குவாக் குவாக்" என்று விடாமல் வந்தால் கானாங்கோழி, வெள்ளை மார்பும் குட்டை வாலும் உள்ளது. மயில் அகவுவதைச் சொல்லவே வேண்டாம்.

பிறகு கண்ணை மேலிருந்து கீழே கொண்டு வாருங்கள். கரண்ட் கம்பி, பனை, தண்ணீர் ஓரம், கடைசியாகத் தரை. இந்த வரிசை எனக்கு ஒத்துவருகிறது.

கம்பியில்

வால் இரண்டாகப் பிளந்த கரிய பறவை கரிச்சான். ஊர் வாயில் இரட்டைவால் குருவி. மலையாளத்தில் அதற்கு ஆனறாஞ்சி என்று பெயர், யானையையே தூக்கிப் போகிறது என்று பொருள்படும். கைப்பிடி அளவு உடம்புதான், ஆனால் தன் கூட்டுப் பக்கம் பருந்து வந்தால் துரத்திக்கொண்டே போய் முதுகில் கொத்தும். அதைப் பார்த்தபின் பெயர் மிகையாகத் தோன்றாது.

பச்சை உடம்பும் வாலில் கம்பி போல நீளும் இறகும் உள்ளது பஞ்சுருட்டான். மலையாளத்தில் வேலித்தத்தை, அதாவது வேலிக்கிளி. தேனீயைப் பிடித்ததும் உடனே விழுங்காது. உட்கார்ந்த இடத்தில் பட், பட் என்று அடித்துக் கொடுக்கைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் விழுங்கும். பைனாகுலரில் அந்தச் சில நொடியைப் பார்க்கக் குழந்தைகளுக்குக் கொடுங்கள், வாழ்நாளுக்கும் மறக்காது. இது மண்சரிவில் துளை போட்டு முட்டையிடும். வாய்க்கால் இரு பக்கமும் சிமெண்ட் பூசிய துண்டுகளில் அதற்கு இடமில்லை. தூர்வாரிக் கொட்டிய மண்குவியலில் பங்குனி, சித்திரையில் சின்னச் சின்னத் துளைகள் தெரிந்தால் அதன்மேல் ஏறாதீர்கள், உள்ளே குஞ்சு இருக்கும்.

ஐப்பசிக்கு மேல் கம்பியில் கூட்டம் கூடும். வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் தகைவிலான்கள் நூற்றுக்கணக்கில் மணி கோத்த மாதிரி உட்கார்ந்திருக்கும். சித்திரைக்குள் போய்விடும்.

பனையில்

எங்கள் பக்கத்தில் ஒரு பனையைப் பார்த்துக்கொண்டே ஒரு காலையைக் கழிக்கலாம். மட்டைக்கடியில் விர்ர் விர்ரென்று போய்வருவது பனை உழவாரன். அது இறகுகளைத் தன் எச்சிலால் ஓலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக் கூடு கட்டுகிறது, முட்டையையும் எச்சிலாலேயே ஒட்டி வைக்கிறது. ஆடிக்காற்றில் ஓலை அந்த ஆட்டம் ஆடினாலும் முட்டை விழாதது இதனால்தான். பட்டுப்போன மொட்டைப் பனையின் பொந்தில் இரண்டு உருண்டைக் கண் தெரிந்தால் புள்ளி ஆந்தை, பகலிலும் வெளியே எட்டிப் பார்க்கும். உச்சியில் மண்நிறத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒன்றைச் சாதாரணமாக நினைத்து விட்டுவிடாதீர்கள். அது பனங்காடையாக இருக்கலாம். பூச்சியைக் கண்டு கீழே பாயும்போது சிறகை விரிக்கும், அப்போது வெளிப்படும் நீலம் வேறெந்தப் பறவையிலும் நான் பார்க்காதது.

தூக்கணாங்குருவிக் கூட்டுக்கு ஆனி முதல் புரட்டாசிவரை வாருங்கள். ஆண் குருவி நெல்லின் இலையையும் பனை ஓலையையும் நாராகக் கிழித்துக் கொண்டுவந்து பின்னும். பாதி முடிந்ததும் கூடு கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும், குறுக்கே ஒரு கைப்பிடி. அந்த நிலையில் வேலையை நிறுத்திவிட்டு, அதில் தொங்கியபடி சிறகடித்துப் பெண்ணை அழைக்கும். பெண் வந்து உள்ளே போய்ப் பின்னலை இழுத்துப் பார்க்கும். பிடித்தால்தான் ஆண் முட்டை அறையையும் நீண்ட குழாயையும் கட்டி முடிக்கும். பிடிக்காவிட்டால் அந்தக் கூடு அப்படியே நின்றுவிடும். ஒரே பனையில் முழுக்கூடும் அரைக்கூடும் தொங்குவதன் கதை இதுதான். பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கமாகக் கட்டும். கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்றும் மழையும் நேராக அடிக்காத பக்கம் அது.

கூட்டுக்குள் மின்மினியை ஒட்டி விளக்கு வைக்கும் என்று அம்முச்சி சின்ன வயதில் எனக்குச் சொன்னார். விழுந்து கிடந்த பழைய கூடு ஒன்றை ஒருநாள் அவர் மடியிலேயே வைத்துப் பிரித்தோம். உள்சுவரில் களிமண் உருண்டைகள் இருந்தன, மின்மினி இல்லை. காற்றில் கூடு ரொம்ப ஆடாமல் இருக்க எடை சேர்ப்பதற்கு அந்த மண் உதவுகிறது என்பார்கள். அம்முச்சி உருண்டையை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "அட, நம்ம கரிசலு" என்றார்.

பனையைப் பற்றித் தெரிய வேண்டுமானால் கள் இறக்குபவர்களைக் கேளுங்கள். காலையும் மாலையும் மரத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான். எந்தப் பொந்தில் ஆந்தை, எந்தத் தென்னையில் மரநாய் வந்து கள் குடிக்கிறது என்பதெல்லாம் அத்துப்படி. மரியாதையாகக் கேட்டால் வேலையை நிறுத்திவிட்டுக் காட்டுவார்கள். பறவையின் தமிழ்ப்பெயர் அவர்களுக்குப் புரியாவிட்டால் மலையாளப் பெயரைச் சொல்லுங்கள்: மீன்கொத்திக்குப் பொன்மான். செம்போத்தும் மயிலும் கீரியும் இரண்டு மொழியிலும் ஒன்றே.

தண்ணீர் ஓரம்

மதகுதான் நல்ல இடம். நீர் விழும் இடத்தில் மீன் திரளும், அதைத் தேடி மற்றவை வரும். மூன்று மீன்கொத்தியையும் ஒரே மதகில் பார்க்கலாம். நீல முதுகும் காவித் தலையும் வெள்ளை மார்பும் உள்ளது வெண்மார்பு மீன்கொத்தி. பெயர்தான் மீன்கொத்தி, ஆனால் வெட்டுக்கிளி, ஓணான், நண்டு எது கிடைத்தாலும் தின்னும், தண்ணீரே இல்லாத தோப்பிலும் இருக்கும். சிட்டுக்குருவி அளவில் தண்ணீரை ஒட்டி அம்பு போலப் போவது சிறால் மீன்கொத்தி. கறுப்பும் வெள்ளையுமானது ஒரே இடத்தில் அந்தரத்தில் சிறகடித்து நின்று குறிபார்த்துச் செங்குத்தாக விழும்.

ஓரத்தில் மண்ணோடு மண்ணாக நிற்கும் மடையானை எங்கள் ஊரில் குருட்டுக் கொக்கு என்பார்கள், கிட்டே போகும்வரை பறக்காததால். பறந்ததும் முழு வெள்ளையாகிவிடும். நாற்று நடச் சேறடிக்கும் நாளில் வந்தால் டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்கும் நத்தைகுத்தி நாரையும் வரிசை கட்டும். நத்தைகுத்தியின் அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். ஓட்டுக்குள்ளிருக்கும் நத்தையை எடுப்பதற்கேற்ற அலகு அது.

தரையில்

மயிலைத் தேட வேண்டியதில்லை. ஆண்மயிலின் தோகையைப் பார்க்க வைகாசி, ஆனியில் வாருங்கள். மழைக்காலம் முடிகையில் தோகை உதிர்ந்துவிடும், புரட்டாசியில் வந்தவர்கள் வாலில்லாத மயிலைப் பார்த்து ஏமாந்து போவார்கள். விவசாயிகளுக்கு மயிலால் நெல்லிலும் கடலையிலும் நஷ்டம் உண்டு, அவர்கள் வயலில் நின்றுகொண்டு மயிலைப் புகழ்ந்து பேசாதீர்கள். இதே பாலக்காடு மாவட்டத்தில் சூலனூரில் மயிலுக்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. காவச்சேரியில் பிறந்த பறவையியலாளர் கே.கே. நீலகண்டனின் நினைவாக அமைந்தது அது.

மேட்டுநிலத்தில் ஆக்காட்டி தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால் அப்படியே நில்லுங்கள். கூழாங்கல் நடுவே வெறும் தரையில் நாலு முட்டை இருக்கும், புள்ளி போட்ட அந்த முட்டை காலடியில் இருந்தாலும் தெரியாது. நாற்காலிச் சக்கரம் ஏறினால் போயிற்று. வெயில் ஏறும்போது தாய் போய் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டைமேல் உட்கார்ந்து குளிர வைக்கும். நீங்கள் அங்கேயே நின்றால் அதனால் வர முடியாது. வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

உடும்பு தென்பட்டால் பார்க்கலாம், பிடிக்கக் கூடாது. 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயிலைப் போலவே முதல் அட்டவணையில் இருப்பது அது.

ஐப்பசி, கார்த்திகையில் பட்டாம்பூச்சிகள் சமவெளியிலிருந்து மேற்கு மலையை நோக்கிப் போகும். வழியில் கிலுகிலுப்பைச் செடியின் காய்ந்த தண்டில் நீல வரியன்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கி உறிஞ்சும். பெரும்பாலும் ஆண்கள். பெண்ணைக் கவரும் வாசனையைத் தயாரிக்கத் தேவையான சத்து அந்தச் செடியில் இருக்கிறது. நாற்காலியில் இருப்பவரின் கண்மட்டத்துக்கு அந்தச் செடி சரியாக வரும்.

பாம்பு

தண்ணீரில் தலையைத் தூக்கிப் போவது பெரும்பாலும் தண்ணிப்பாம்பு, மலையாளத்தில் நீர்க்கோலி. விஷமில்லை. "நீர்க்கோலி கடிச்சாலும் அத்தாழம் முடங்கும்" என்று அந்தப் பக்கத்துப் பழமொழி, சின்னப் பாம்பு கடித்தாலும் ராச்சாப்பாடு போய்விடுமாம். ஆனால் எங்கள் வயலில் நல்லபாம்பும் கண்ணாடி விரியனும் உண்டு. இருட்டும் முன் கிளம்பச் சொன்னது இவற்றுக்காகத்தான். மேட்டை விட்டுப் புல்லுக்குள் இறங்காதீர்கள், தள்ளுபவர் செருப்பைவிட ஷூ போடுவது நல்லது. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் வைத்து 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இந்த எண் எல்லைக்கு இரண்டு பக்கமும் செல்லும்.

எழுதி வையுங்கள்

பார்த்த பறவைகளை இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிவது நல்லது. 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் கேரளம் முழுக்கக் கட்டம் கட்டமாகப் போய் பறவை வரைபடம் தயாரித்தது இப்படிப்பட்ட பதிவுகளால்தான். பொங்கல் நாட்களிலும் பிப்ரவரியிலும் பொதுமக்கள் கணக்கெடுப்பு நடக்கும், யாரும் சேரலாம், கால்மணி நேரம் உட்கார்ந்து எண்ணினால் அதுவே ஒரு பதிவு. எண்ணிக்கையோடு நேரத்தையும் இடத்தையும் குறிக்க வேண்டும். தெரியாததற்கு ஊகித்துப் பெயர் போடக் கூடாது.

எங்கள் வீட்டில் செயலி என் வேலை. அம்முச்சிக்கு ஒரு பழைய பால்கணக்கு நோட்டு. போன வியாழக்கிழமைப் பக்கத்தில் அவர் கையெழுத்து இப்படி இருக்கிறது: மயில் 11. குருட்டுக் கொக்கு 6. செம்போத்து 2. ஆக்காட்டி 2, முட்டை பார்க்கலை, திரும்பிட்டோம். கீரி 1. பேர் தெரியாதது 1, மஞ்சள் வயிறு, வாலை ஆட்டிட்டே இருந்துச்சு.